பழைய எண் பதினாலு

சகாயராஜ் போன மாதம் வேலையை விட்டான்.
அவன் எழுதிய ஸ்கிரிப்ட்
அவன் கம்ப்யூட்டரில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.
அதை நேற்று ஃபார்மட் செய்துவிட்டார்கள்.

என் மேசையில் அது முதல் வரியிலேயே நின்று
'அளவு' என்றொரு மாட்யூல் இல்லை என்கிறது.

இருக்கிறது.
கண்ணால் பார்க்கிறேன்.
பக்கத்து ஃபோல்டரில், இரண்டு விரல் தள்ளி.
அடுத்த வீட்டில் விளக்கெரிவது தெரிகிறது,
கதவு எந்தத் தெருவில் திறக்கும் என்பதுதான்
தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன்,
மேடவாக்கம் கூட்ரோட்டில்
தண்ணீர் லாரிக் கம்பெனி மாடியில்,
சித்திரை இரவு,
ஏசி சொட்டும் பெயிண்ட் வாளிக்குப் பக்கத்தில்.

எழுபது லாரி.
எது எந்த சம்ப்புக்கு, எத்தனை லிட்டர்,
நாலரை மணிக்குள் சொல்லியாக வேண்டும்.

அவன் ஒரு வரி எழுதிவைத்திருக்கிறான்.
தேடும் பாதையில் இதையும் சேர்த்துக்கொள்:
ஹோம், சகாயராஜ், டெஸ்க்டாப்,
புதுசு, புதுசு இரண்டு, இதான் கடைசி.
அந்த வீடே இப்போது இல்லை.
விலாசம் மட்டும் வாடகை கொடுக்காமல்
எட்டாவது வரியில் குடியிருக்கிறது.

புள்ளி வைத்துப் பார்த்தேன்.
எழுத்தின் தலையில் ஏறினால்
உயிரை எடுத்துவிடும் புள்ளி
இங்கே பெயருக்கு முன்னால் நின்று வழி சொல்லும்.
ஒன்று வைத்தால் இதே வீடு.
இரண்டு வைத்தால் ஒரு மாடி மேலே.
இரண்டு வைத்தேன்.
பெற்றோர் யாரென்று தெரியவில்லை
என்று சிவப்பில் வந்தது.
ரேஷன் கார்டு ஆபீசில்கூட
என்னிடம் இவ்வளவு பட்டென்று யாரும் சொன்னதில்லை.

பிறகு நானும் சகாயராஜ் ஆனேன்.
மேல் ஃபோல்டரை அப்படியே தூக்கிப் பாதையில் போட்டேன்.
ஓடியது.
ஒரு பிழைகூட இல்லை.
முதல் பத்து லாரி கிளம்பியது.
டீ குடிக்க இறங்கினேன்.

போன் அடிக்கிறது. ஏகாம்பரம்.
"மேடம், பதினாலாம் நம்பர்ல தண்ணி வுட்டாச்சு.
இப்ப அந்தம்மா நாங்க புக்கே பண்ணலியேங்குது."
மூணாவது குறுக்குத் தெரு.
சீட்டில் இருந்தது பழைய எண் பதினாலு,
புதிய எண் முப்பத்தொன்று.
அவர் கண்ணில் முதலில் பட்டது
புதிய எண் பதினாலு.
மூடியைத் திறந்திருக்கிறார்கள்.
சித்திரையில் லாரி வாசலில் வந்து நின்றால்
யார் கேள்வி கேட்கப்போகிறார்கள்?
"ரொம்பி வழியல மேடம், ஆறாயிரந்தான வுட்டேன்."

ஆறாயிரமா?
அந்த ஆர்டர் பன்னிரண்டாயிரம்.

டீயை அப்படியே வைத்துவிட்டு ஏறினேன்.
மாட்யூலிடமே கேட்டேன்,
நீ எங்கிருந்து வருகிறாய் என்று.
மழுப்பாமல் முழு விலாசமும் சொன்னது.
மேல் ஃபோல்டரில் 'அளவு' என்றே இன்னொன்று,
சகாயராஜ் முதல் வாரத்தில் சோதனைக்கு எழுதியது.
எந்த வீட்டைக் கேட்டாலும்
ஆறாயிரம் என்று மட்டும் சொல்லும்.
பாதையில் அதுதான் முதலில் நின்றது.
பெயர் சரி. ஆள் வேறு.

பழையதை அழித்தேன்.
ஒவ்வொரு ஃபோல்டரிலும்
ஓர் எழுத்துகூட இல்லாத கோப்பு ஒன்றை வைத்தேன்,
மீட்டர் பெட்டி இருந்தால்தான்
வீடென்று ஈபி ஆள் நம்புவதைப் போல.
அறைக்குள் நின்று கத்தாமல்
தெருமுனைக்கு வந்து நின்று
குடும்பப் பெயரோடு முழுதாகக் கூப்பிட்டேன்.
வந்தது.
அந்த அளவு.
பன்னிரண்டாயிரம், ஒன்பதாயிரம், நாலாயிரத்து ஐந்நூறு.

எட்டாவது வரியை நீக்கவில்லை.
முன்னால் ஒரு வேலிக்குறி மட்டும் போட்டேன்.
யாரும் இனி அந்த வழியாகப் போகப்போவதில்லை.
ஆனாலும் 'இதான் கடைசி' என்று
ஒருவன் நம்பிய இரவு ஒன்று இருந்திருக்கிறது,
இதே நாற்காலியில்,
இந்த வாளி அப்போதே இங்கே இருந்ததோ என்னவோ.

மணி நாலு பத்து.
ஏகாம்பரம் இன்னும் லைனில் இருக்கிறார்.
"அந்தத் தண்ணிய என்னா பண்ண மேடம்,
திரும்ப உறிஞ்சட்டா?"